ஜிக்சா புதிர்: நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் ஒரு பாடம்

நெடுநாள் சிகிச்சையில் இருப்பவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் மருத்துவர் வந்து பார்த்துச் செல்கிறார். செவிலியர் ஊசி போடுகிறார். ரத்தம் எடுக்கிறார்கள், படுக்கை விரிப்பை மாற்றுகிறார்கள், உணவு கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். எல்லாமே அவருக்காக நடப்பவைதான். ஆனால் அவராகச் செய்வதற்கென்று அந்த நாளில் எதுவும் இருப்பதில்லை. வீடு திரும்பிய பின்னும் பல வாரங்களுக்கு இந்நிலை நீடிப்பதுண்டு. "சும்மா படுத்திருக்கிறேன், மற்றவர்களுக்குத்தான் வேலை" என்று நோயாளிகள் சொல்லும்போது, அவர்கள் சலிப்பை மட்டும் சொல்லவில்லை. தம் கையால் ஒரு காரியம் முடிந்து நெடுநாளாயிற்று என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

அவ்வாறான நாளில் ஓர் அரை மணி நேரத்தையேனும் நோயாளியின் கைக்குத் திருப்பித் தரக்கூடிய எளிய பொழுதுபோக்கு ஒன்றை இந்த இதழில் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு படத்தைப் பல துண்டுகளாக வெட்டிக் கலைத்து வைத்து, மீண்டும் முழுப் படமாகச் சேர்க்கும் ஜிக்சா புதிர்தான் அது. குழந்தைகளின் விளையாட்டென்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறோம். அதன் வரலாற்றைச் சற்றே பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

வகுப்பறையிலிருந்து வந்த புதிர்

1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செதுக்குக் கலைஞர் வாழ்ந்தார். நிலப்படங்கள் தயாரிப்பது அவர் தொழில். அச்சிட்ட நிலப்படத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோடுகள் வழியே அறுத்து அவர் விற்றார். நாடுகளைப் பிரித்தும் சேர்த்தும் பிள்ளைகள் புவியியல் கற்க வேண்டும் என்பதே நோக்கம். இன்று நாம் அறிந்த ஜிக்சா புதிரின் தொடக்கம் இதுவே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 'ஜிக்சா' என்பது வளைவாக மரம் அறுக்கும் ஒரு வகை வாளின் பெயர். அந்தப் பெயர் புதிருக்கு வழங்கத் தொடங்கியது நெடுங்காலம் கழித்துத்தான்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கான மரப் புதிர்கள் அமெரிக்காவில் பரவின. அவற்றில் பலவற்றின் துண்டுகள் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளா. மேசை அசைந்தால் கலைந்துவிடும். பெட்டியின் மேல் மாதிரிப் படமும் இராது. இன்று கடையில் வாங்கும் அட்டைப் புதிர் அவற்றைவிட மிகவும் எளிது.

1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தின்போது இப்பழக்கம் உச்சத்தை எட்டியது. அச்சு இயந்திரத்தில் அழுத்தி வெட்டும் மலிவான அட்டைப் புதிர்கள் அப்போது வந்துவிட்டன. 1933-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாரத்திற்கு ஒரு கோடிப் புதிர்கள் வரை விற்றதாகப் புதிர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். வாடகைக்கு எடுத்துச் சென்று அடுக்கித் திருப்பித் தரும் வழக்கமும் இருந்தது. வேலையிழந்து, நாளை என்னவாகும் என்று தெரியாதிருந்த குடும்பங்கள் மாலையில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தன. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போதும் பல நாடுகளில் ஜிக்சா புதிர்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

இவ்விரு காலங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வெளியே நடப்பது எதுவும் தம் கையில் இல்லை என்று மக்கள் உணர்ந்த காலங்கள் அவை. நோயும் அத்தகைய காலமே. பரிசோதனை முடிவு எப்போது வரும், மருந்து எவ்வளவு பலன் தரும் என்பன நம் விருப்பப்படி நடப்பவை அல்ல. மேசையின் மேல் கிடக்கும் துண்டுகளோ நிச்சயம் ஒன்று சேரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைத் தேடினால் கிடைக்கும். இன்று பாதியில் நிறுத்தினாலும் நாளை அதே இடத்திலிருந்து தொடரலாம்.

எதைத் தரும், எதைத் தராது

"இதைச் செய்தால் மறதி வராதா?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. இதற்கு நேர்மையான விடை தேவை.

ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆன, அறிவாற்றல் குறைபாடு இல்லாத 100 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் 30 நாட்கள், நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வீட்டிலேயே புதிர் அடுக்கினார்கள். கண்ணால் கண்டதைப் பகுத்தறிதல், ஒரு வடிவத்தை மனத்திற்குள் சுழற்றிப் பார்த்தல், நினைவில் வைத்தல், வேகமாக முடிவெடுத்தல் எனப் பல திறன்கள் புதிர் அடுக்கும்போது ஒருங்கே வேலை செய்கின்றன என்பது அந்த ஆய்வில் தெரிந்தது. வாழ்நாளில் நெடுங்காலம் புதிர் அடுக்கி வந்தவர்களிடம் இத்திறன்கள் கூடுதலாக இருந்தன. ஆனால் 30 நாள் பயிற்சி மட்டும், பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிடுகையில், குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைத் தரவில்லை.

ஆகவே புதிர் ஒரு மருந்தன்று. ஒரு மாதம் அடுக்கினால் மூளை கூர்மையாகிவிடும் என்று எவரேனும் விற்றால் நம்ப வேண்டியதில்லை. மருந்து, உடற்பயிற்சி, உறக்கம், மருத்துவர் குறித்த மறு பரிசோதனை ஆகியவற்றின் இடத்தை இது நிரப்பாது. இதன் பயன் வேறு. சிதறும் கவனத்தைச் சிறிது நேரம் ஓரிடத்தில் நிறுத்துகிறது. விரல்களுக்கு நுட்பமான வேலை தருகிறது. பேச முடியாதவரும் பேச விரும்பாதவரும் பிறரோடு சேர்ந்து அமர ஒரு காரணம் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, "இதை நான் முடித்தேன்" என்று சொல்ல ஒரு பொருளைத் தருகிறது.

எத்தனை துண்டுகள்?

தொடங்கும்போது பலர் செய்யும் தவறு பெரிய புதிரை வாங்குவதுதான். ஆயிரம் துண்டுப் புதிர் முடிந்தால் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். படுக்கையோடு இணைந்த மேசையில் அது பரவ இடமிராது. வாரக்கணக்கில் முடியாமல் கிடந்தால், தோற்ற காரியங்களின் பட்டியலில் அதுவும் ஒன்றாகிவிடும்.

படுக்கையில் இருப்பவருக்கு 24 முதல் 48 பெரிய துண்டுகள் போதும். சோர்வு குறைந்து, உட்கார முடிந்தவருக்கு 100 துண்டுகள் ஏற்றவை. வீட்டில் தேறிவருபவரும் உடனிருக்கும் குடும்பத்தாரும் சேர்ந்து அடுக்க 300 அல்லது 500 வரை போகலாம். முதல் புதிர் ஓரிரு அமர்வுகளில் முடிந்துவிட வேண்டும் என்பதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். எளிதாக முடிந்தால் அடுத்ததைச் சற்றுப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாம்.

படத்தைத் தேர்வதிலும் கவனம் தேவை. துண்டுகள் குறைவாக உள்ள புதிர்களில் பெரும்பாலும் கார்ட்டூன் படங்களே இருக்கும். அறுபது வயதைக் கடந்த ஒருவர் முன் அதை வைத்தால், "என்னைக் குழந்தையாக்கிவிட்டார்கள்" என்ற வருத்தம் எழக்கூடும். கோயில் கோபுரம், ரயில் நிலையம், சந்தை, பூந்தோட்டம், கடற்கரை போன்ற பெரியவர்களுக்குரிய படங்களைத் தேடுங்கள். பல வண்ணங்களும் தெளிவான எல்லைகளும் உள்ள படம் நல்லது. பாதிக்கு மேல் வெறும் நீல வானமாக இருக்கும் படம் தொடக்கக்காரருக்கு ஆகாது.

அடுக்கும் முறை

முதலில் துண்டுகளை எண்ணுங்கள். கடைசித் துண்டு இல்லாத புதிர் நலமாக இருப்பவரையே எரிச்சலூட்டும். பழைய புதிரை இரவல் வாங்கும்போது உடனிருப்பவர் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, எல்லாத் துண்டுகளையும் படப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். இதற்குக் கூர்மையான பார்வையோ நல்ல நினைவாற்றலோ தேவையில்லை. மிகவும் சோர்ந்திருக்கும் நாளில் இதை மட்டுமே செய்தாலும் அது வேலைதான்.

மூன்றாவதாக, நேர்விளிம்பு உள்ள துண்டுகளைத் தனியே எடுங்கள். நீளத்திற்குப் பத்தும் அகலத்திற்குப் பத்துமாக உள்ள நூறு துண்டுப் புதிரில் ஓரத் துண்டுகள் 36. அவற்றுள் 4 மூலைத் துண்டுகள். முதலில் இவற்றை இணைத்துச் சட்டத்தை அமைத்துவிட்டால் வேலையின் எல்லை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நான்காவதாக, எஞ்சியவற்றை நிறவாரியாகப் பிரியுங்கள். பொறுமையற்றவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். ஆனால் வேலையை வெகுவாகக் குறைப்பது இதுவே. நூறு துண்டுகளில் எந்த இரண்டு சேரும் என்று ஒவ்வொன்றையும் மற்றொவ்வொன்றோடு ஒப்பிட்டால் 4,950 இணைகள் வரும். அவற்றை நிறத்திற்கேற்ப இருபது இருபதாக ஐந்து குவியல்களாக்கினால், ஒரு குவியலுக்குள் 190 இணைகள்தான்; ஐந்துக்கும் சேர்த்து 950. பிரித்து வைக்கச் செலவிட்ட பத்து நிமிடம் ஒப்பிடும் வேலையை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. குவியல்களை வைக்கப் பழைய தட்டுகளோ இனிப்புப் பெட்டிகளின் மூடிகளோ போதும்.

ஐந்தாவதாக, எளிதில் அடையாளம் தெரியும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒரு முகம், ஒரு கதவு, எழுத்துள்ள ஒரு பலகை போன்றவை முதலில் சேரும். வானம், நீர், புல்வெளி ஆகியவற்றைக் கடைசிக்கு விடுங்கள். அங்கே நிறம் உதவாது, வடிவம்தான் உதவும். சாதாரணத் துண்டு ஒன்றின் நான்கு பக்கங்களிலும் புடைப்போ பள்ளமோ இருக்கும். அவற்றின் அமைப்பைக் கொண்டு பார்த்தால் மொத்தம் ஆறே வகைகள்: நான்கும் புடைப்பு, மூன்று புடைப்பு, ஒரு பள்ளம், எதிரெதிரே இரு புடைப்பு, அடுத்தடுத்து இரு புடைப்பு, ஒரு புடைப்பு, மூன்று பள்ளம், நான்கும் பள்ளம். ஒரே நிறப் பகுதியை இந்த ஆறு வரிசைகளாக அடுக்கிவிட்டால், காலியாக உள்ள இடம் எவ்வகைத் துண்டைக் கேட்கிறதோ அந்த வரிசையில் மட்டும் தேடினால் போதும்.

பொருந்தாத துண்டை அழுத்திப் பொருத்த வேண்டா. சரியான துண்டு விரல் பட்டதும் தானே அமரும். அப்படி அமராவிட்டால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வேகமும் தேவையில்லை. ஸ்பெயினின் வயாதொலித் நகரில் 2019 முதல் உலக ஜிக்சா போட்டி நடந்துவருகிறது. தனிநபர் பிரிவில் 500 துண்டுகளை ஒரு மணி நேரத்திற்குள் முடிப்பவர்கள் உண்டு. அது அவர்களின் விளையாட்டு. நம் மேசையில் கடிகாரத்திற்கு இடமில்லை.

உடனிருப்பவரின் கைகள்

இப்பாடத்தின் முதன்மையான பகுதி இதுவே. இதை நோயாளியைவிட உடனிருப்பவர்தான் கற்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் பலமுறை கண்ட காட்சி இது. பக்கவாதத்திற்குப் பின் வலக்கை தளர்ந்து, பேச்சும் மெதுவாகிவிட்ட ஒரு தந்தை. அருகில் மகள். நடுவே இருபத்துநான்கு துண்டுப் புதிர். தந்தை ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அது எங்கே சேரும் என்பது மகளுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. "அப்பா, இங்க வரும்பா" என்று விரலால் காட்டுகிறார். தந்தை அந்த இடத்திற்குக் கொண்டுபோவதற்குள், மகளின் கை நீண்டு துண்டைச் சரியாகத் திருப்பி அழுத்திவிடுகிறது. அடுத்த துண்டுக்கும் அப்படியே. நான்காவது துண்டில் தந்தை பலகையை மெல்லத் தள்ளிவிட்டு, "நீயே வச்சிடும்மா" என்கிறார். அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை என்று மகள் எண்ணிக்கொள்கிறார்.

அவருக்கு விருப்பம் இருந்தது. அந்த வேலைதான் அவரிடமிருந்து போய்விட்டது. சட்டைப் பொத்தானும், சோற்றுப் பருக்கையும், தண்ணீர்க் குவளையும் போன அதே வழியில் இதுவும் போய்விட்டது. மகளின் அன்பில் குறையில்லை. காத்திருக்கக் கை பழகவில்லை, அவ்வளவே.

இத்தகைய குடும்பங்களிடம் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டு தலைகீழாக இருக்கலாம், இடம் தவறாக இருக்கலாம். உங்களுக்கு நொடியில் தெரிந்தது அவருக்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடமும் அவருடையது. தளர்ந்த கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் இருமுறை தவறாக வைத்து, மூன்றாம் முறை சரியாக வைத்துவிட்டு, "இன்னொன்னு குடு" என்று கேட்டவர்களைக் கண்டிருக்கிறோம். அந்தக் கேள்வி வரும் வரை காத்திருக்கக் கற்பதே உடனிருப்பவருக்குரிய பாடம்.

உதவவே கூடாது என்பது பொருளன்று. உதவியைப் படிப்படியாக வையுங்கள். முதலில் பேசாமல் இருங்கள். அவர் தடுமாறினால், "இதில் என்ன நிறம் தெரிகிறது?" என்று கேளுங்கள். அதுவும் போதாவிட்டால், பொருந்தக்கூடிய இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பின்னர் இடத்தைக் காட்டுங்கள். துண்டை வைக்கும் கை மட்டும் எப்போதும் அவருடையதாக இருக்கட்டும். "இதுகூடத் தெரியவில்லையா?" என்ற சொல் வேண்டவே வேண்டா. "சபாஷ், கெட்டிக்காரர்" என்று குழந்தையைப் பாராட்டுவதுபோல் மிகைப்படுத்துவதும் வேண்டா. "அந்த மூலை முடிந்துவிட்டது" என்று நடந்ததைச் சொன்னாலே போதும்.

வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வலி மிகுந்த நாளும் மனம் கனத்த நாளும் உண்டு. பல நாட்களாக எதிலுமே நாட்டமில்லாமல் இருக்கிறார், உணவையும் உறக்கத்தையும் இழக்கிறார் என்றால் அது புதிரின் சிக்கலன்று, மனச்சோர்வாக இருக்கலாம். தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடனிருப்பவருக்கும் ஒரு சொல். அறுவை சிகிச்சை அரங்கிற்கு வெளியே காத்திருக்கும்போதும், இரவில் நோயாளி உறங்கிய பின்னும், உங்களுக்கென்று சில துண்டுகளை அடுக்குவதில் குற்றமில்லை. சில நாடுகளில் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களில் ஒரு மேசையில் புதிரைப் பொதுவாக விரித்து வைத்திருப்பார்கள். யாரோ தொடங்கியதில் யாரோ நான்கு துண்டுகளைச் சேர்த்துவிட்டு, பெயர் அழைக்கப்பட்டதும் எழுந்து போவார்கள். எந்த நொடியிலும் விட்டுவிட்டு எழலாம் என்பதே காத்திருப்பவருக்கு இது ஏற்றதாவதற்குக் காரணம்.

நோய்க்கேற்ற கவனிப்பு

பக்கவாதம்: சிலருக்குத் தம் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் இடப்பக்கத்தில், இருப்பவை கவனத்தில் படுவதில்லை. கண் தெரிந்தும் அப்பக்கத் துண்டுகளைத் தொடாமலே இருப்பார்கள். அவரைக் கடிந்துகொள்ள வேண்டா. பலகையின் இடது ஓரத்தில் பளிச்சென்ற நிறப் பட்டை ஒன்றை ஒட்டி, "முதலில் அந்தப் பட்டை வரை பாருங்கள்" என்று நினைவூட்டலாம். துண்டுகளை எப்பக்கம் வைப்பது, தளர்ந்த கையை எவ்வளவு ஈடுபடுத்துவது என்பவற்றை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் செயல்வழிச் சிகிச்சையாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பலகை நகராமலிருக்க அடியில் ரப்பர் விரிப்போ ஈரத்துணியோ வையுங்கள்.

மறதி நோய்: துண்டுகள் குறைவாகவும் பெரிதாகவும் இருக்கட்டும். அவருக்கு இளமையில் பழகிய காட்சியாக இருந்தால் பேச்சும் எழும். படம் முழுமையாவதைவிட அந்தப் பேச்சு பெரிது. தவறான இடத்தில் வைத்திருந்தால் திருத்த வேண்டியதில்லை. துண்டை வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ளவரானால், அருகில் ஆளின்றி விட்டுவிடக் கூடாது.

டயாலிசிஸ்: ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும், ஊசி ஏற்றிய கை அசையக் கூடாது. ஒற்றைக் கையால் அடுக்கக்கூடிய சிறு புதிரை, ஓரம் உயர்ந்த தட்டில் வைத்துக் கொடுங்கள். இரு கைகளும் தேவைப்படும் பெரிய புதிரை வீட்டிற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, வியர்வை ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்திவிட்டுச் செவிலியரை அழையுங்கள்.

கீமோதெரபி, உறுப்பு மாற்றுச் சிகிச்சை: நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும் காலத்தில் பலர் தொட்ட அட்டைப் புதிரைப் பயன்படுத்த வேண்டா; அட்டையைக் கழுவித் துடைக்க இயலாது. புதிதாகப் பிரித்த பெட்டியோ, துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் துண்டுகளோ ஏற்றவை. தொடங்குமுன் நோயாளியும் உடனிருப்பவரும் கைகளைக் கழுவ வேண்டும். ஒரு படுக்கையின் புதிரை மறு படுக்கைக்குக் கொடுக்குமுன் செவிலியரைக் கேளுங்கள். தனிமை அறையில் இருப்பவருக்கு எதைக் கொண்டுவருவதாயினும் முன் அனுமதி தேவை.

கண்ணும் கழுத்தும்: விளக்கொளி பக்கவாட்டிலிருந்து வரட்டும்; எதிரே இருந்தால் பளபளப்பான படம் கூசும். இருபது முப்பது நிமிடத்திற்கு ஒருமுறை நிமிர்ந்து தொலைவில் பாருங்கள், தோள்களைத் தளர்த்துங்கள், நடக்க முடிந்தவர்கள் சற்று நடந்து வாருங்கள். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எப்போது குனிந்து வேலை செய்யலாம் என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

வீட்டில் மூன்று வயதிற்குட்பட்ட குழந்தை இருந்தால் சிறு துண்டுகள் அதன் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவு அவற்றுக்கு உண்டு.

செலவின்றிச் செய்ய

புதிருக்கென்று பணம் செலவிட எல்லோராலும் இயலாது. இயல வேண்டியதும் இல்லை. சிகிச்சைச் செலவே போதுமான சுமை. பெரும்பாலான வீடுகளில் சென்ற ஆண்டின் மாதக் காலண்டர் இருக்கும். அதிலுள்ள படம் ஒன்றை எடுத்து, செருப்புப் பெட்டி அட்டையிலோ தடித்த வேறு அட்டையிலோ பசை தடவிச் சீராக ஒட்டுங்கள். மேலே கனமான புத்தகத்தை வைத்து ஓர் இரவு காய விடுங்கள். மறுநாள் பின்பக்கத்தில் பென்சிலால் கோடிட்டு, நல்ல கத்தரிக்கோலால் வெட்டுங்கள். முதல் முறை 12 துண்டுகள் போதும். நேர்க்கோடாக இல்லாமல் சற்றே வளைவாக வெட்டினால் எது எதனோடு சேரும் என்று விரலுக்கே தெரியும். ஒவ்வொரு துண்டின் பின்புறமும் ஒரே அடையாளம் இட்டுவைத்தால், வேறு புதிரோடு கலந்தாலும் பிரித்தெடுக்கலாம்.

குடும்பப் புகைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டும் இவ்வாறு செய்யலாம். ஆனால் மூலப் படத்தை வெட்ட வேண்டா, பிரதியையே பயன்படுத்துங்கள். மறைந்தவர்கள் உள்ள படமாக இருந்தால் நோயாளியிடம் முதலில் கேளுங்கள். ஒருவருக்கு ஆறுதல் தருவது மற்றொருவருக்கு அழுகையைத் தரலாம்.

வெட்டும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுக்கலாம். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ மருத்துவமனைக்குள் வர முடியாத பிள்ளை தன் கையால் அனுப்பும் பொருளாக அது அமையும்.

முடிந்த பின்

படம் முழுமையானதும் உடனே கலைத்துவிடாதீர்கள். அன்று மாலை மருந்து கொடுக்க வரும் செவிலியரும், பார்வை நேரத்தில் வரும் உறவினரும் அதைப் பார்க்கட்டும். "யார் செய்தது?" என்று யாரேனும் கேட்பார்கள். அதற்கு உடனிருப்பவர் முந்திக்கொண்டு விடை சொல்ல வேண்டா. அதை நோயாளியே சொல்லட்டும்.